மூக்கு இடப்பக்கம் சாய்ந்துள்ளது

அவர் எந்த முகத்தையும் முதல் பார்வையில் ஒப்புக்கொண்டதில்லை. இரண்டாம் பார்வையிலும் இல்லை. மூன்றாம் பார்வைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இன்னொருதடவ பாத்துக்கிடுவோம் சார்" என்பார். அந்த இன்னொரு தடவை எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது, எங்கள் அலுவலகத்துக்கும் தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிகளை மேற்பார்வையிடும் ஓர் அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர், அவர் உதவியாளர். பதினோரு வருடம் எதிரெதிர் மேசை. ராஜபாளையத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோவார். நான் ஓய்வுபெற்று இரண்டு வருடம் கழித்து அவரும் ஓய்வுபெற்றார். அவரைப் பார்த்தே இப்போது சில வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் அறிமுகமில்லாத யாராவது எதிரே வந்து உட்கார்ந்தால், அந்த ஆளின் காது இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று என் கண் தானாகப் போய்ப் பார்க்கிறது. அவரிடமிருந்து எனக்குத் தொற்றியது அது ஒன்றுதான்.

ஒரு சமயம் எங்கள் அதிகாரி மாறுதலாகிப் போனார். வழியனுப்பு விழா, மாலை, மிக்சர், கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று ஒரு படம். நான்காம் நாள் படம் கைக்கு வந்தது. இவர் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தபால் பிரிவுக்காரர் கண்ண மூடியிருக்காரு சார்."

"அவரு ஆபீஸ்ல கண்ணத் தொறந்து நான் பாத்ததே இல்ல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மறுபடி எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அதிகாரி அதற்குள் தர்மபுரி போய்ச் சேர்ந்திருந்தார். அவர் இல்லாமலே எடுத்தோம். எங்கள் அலுவலகச் சுவரில் தொங்கிய வழியனுப்பு விழாப் படத்தில் வழியனுப்பப்பட்டவர் கிடையாது. ஆனால் எல்லோருடைய கண்ணும் திறந்திருக்கும்.

பள்ளிகளுக்கு ஆண்டாய்வு போனால் குறைப் பட்டியல் எழுதுவது அவர் பொறுப்பு. மூன்று கட்டம் போடுவார்: வரிசை எண், குறை, நிவர்த்தி செய்த விவரம். மூன்றாவது கட்டம் காலியாகப் பள்ளிக்குப் போகும். தலைமையாசிரியர் பதில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். தளவாய்புரம் பக்கம் ஒரு பள்ளிக்கு நாற்பத்தோரு குறை எழுதினார். நாற்பத்தோராவது குறை, கரும்பலகையின் வலது ஓரம் இடது ஓரத்தைவிடக் கறுப்பாக உள்ளது என்பது. அந்தத் தலைமையாசிரியர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற நிலையை நான் விவரிக்கப்போவதில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதில் அறிக்கைகள் வந்தால் மற்றவர்கள் கோப்பில் சேர்த்து நாடாவைக் கட்டிவிடுவார்கள். இவர் ஒவ்வொரு பதிலையும் வாசிப்பார். திருப்தி என்றால் அந்த எண்ணைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பார். ஒருநாள் சலித்துப்போய்க் கேட்டேன், இவ்வளவு எழுதத்தான் வேண்டுமா என்று.

"குறை எழுதுனாத்தான சார் அந்தாளு பதில் எழுதுவாரு. இல்லேன்னா அவருக்கும் நமக்கும் என்ன பேச்சு இருக்கு?" என்றார்.

அலுவலகத்தில் சொல்லும் நூறு விளக்கங்களில் இதுவும் ஒன்று என்று நினைத்து மறந்துவிட்டேன்.

அவருக்கு ஒரே மகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளைப் படங்கள் வரத் தொடங்கியபோது எங்கள் மேசைகளில் கோப்பு நகரவில்லை. ஒரு பையனுக்குக் காது ஒட்டியிருந்தது. ஒருவனுக்கு நெற்றி ஏறியிருந்தது. இன்னொருவனுக்கு எல்லாம் சரியாக இருந்தது. அதுவே சந்தேகமாக இருக்கிறது என்றார். கைபேசியில் படம் வர ஆரம்பித்ததும் நிலைமை மோசமானது. இரண்டு விரலால் விரித்து விரித்து மூக்கு ஒரு ஜாதிக்காய் அளவு வரும்வரை பார்ப்பார். மகளுக்கு முப்பது ஆனது. அவள் தன்னோடு வேலை பார்த்த ஓசூர்ப் பையனைத் தானே பார்த்து, தானே சரியென்று சொல்லி, பதிவு அலுவலகத்தில் கல்யாணமும் செய்துகொண்டாள். கல்யாணப் படம் அம்மாவின் போனுக்கு வந்தது. ஊரில் உள்ள பையன்களின் மூக்கையெல்லாம் விரித்துப் பார்த்தவர், அந்த ஒரு படத்தைப் பார்க்க மாட்டேன் என்றார். மகளோடு பேச்சும் நின்றது. நான்கு வருடம்.

நான்காம் வருடம் ஆவணியில் பெங்களூரிலிருந்து பார்சலில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதன்பிறகுதான் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார்.

"அண்ணாச்சி, செத்த நேரம் வந்துட்டுப் போங்க. இவிய ஒரு மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் இறங்கிப் போனேன். முன்னறையில் துணி விரித்த மேசைமேல் கம்ப்யூட்டர். அதில் ஒரு வாள் வீரனின் தலை கழுத்துவரை தெரிந்தது. அவர் அதன் மூக்கை ஏற்றிக்கொண்டிருந்தார்.

விவகாரம் இதுதான். அது ஒரு கணினி விளையாட்டு. காடு, கோட்டை, பூதம் என்று ஒரு உலகம். அதற்குள் நாம் ஒரு ஆளாகப் போய் நடமாட வேண்டும். எங்கெங்கோ இருப்பவர்கள் அதற்குள் சந்தித்துக்கொள்ளலாம். உள்ளே போவதற்கு முன் முதல் திரையில் நம் ஆளின் முகத்தை நாமே செய்துகொள்ள வேண்டும். மகள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள்: தை மாதக் கடைசியில் அவளும் மாப்பிள்ளையும் ஜெர்மனி போகிறார்கள், போனால் மூன்று வருடம். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்த விளையாட்டுக்குள் வரட்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அதன் கோட்டை வாசலில் அவள் நிற்பாள். "அப்பா அதுக்குள்ள வந்தா, நாங்க வீட்டுக்குள்ள வாரோம்."

நியாயமான நிபந்தனை. நான் பார்த்த அரசாணைகளில் பாதிக்கு இவ்வளவு தெளிவு கிடையாது.

"ரெண்டு நிமிஷ வேலைன்னு சொன்னா அண்ணாச்சி" என்றார் அவர் மனைவி. "மூணு வாரமாச்சு. அவ ஞாயித்துக்கிழமையானா அங்க போயி நிக்கா. இவிய இங்க மூக்கத் தடவிக்கிட்டு இருக்காக."

அவர் திரும்பாமலே சொன்னார். "நீங்களே பாருங்க சார். இது ஒரு மூக்கா?"

பார்த்தேன். மூக்குதான். ஆனால் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்ததை நான் மறைக்கக் கூடாது. அந்தத் திரையில் தொண்ணூறுக்கு மேல் அளவுக் கோடுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குமிழ்; இழுத்தால் ஏறும், இறங்கும். மூக்கை ஏற்றினால் மேலுதடு கூடவே ஏறியது. உதட்டை இறக்கினால் தாடை நீண்டது. தாடையைச் சுருக்கினால் கண் இரண்டும் நெருங்கிவந்து, சஸ்பென்ஷன் உத்தரவைக் கையில் வாங்கியவன் பார்வை வந்துவிட்டது. நாற்பது விதத் தாடி இருந்தது. தாடியில்லாத மீசை ஒன்றுகூட இல்லை. மொத்த வழுக்கை இருந்தது. அவருக்கு இருப்பதுபோல் நடுவில் மட்டும் வழுக்கை இல்லை. நம் நிறத்துக்குப் பக்கத்தில் மூன்று நிறங்கள் கிடந்தன. ஒன்று புளிபோட்டு விளக்கிய பாத்திரம், ஒன்று ஈரச் செங்கல், மூன்றாவது மஞ்சள்காமாலை. போதாததற்கு அந்த முகத்துக்குப் பக்கத்தில் ஒரு தீப்பந்தம் வேறு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் எது நிறம், எது நெருப்பு என்று கண்டுபிடிக்க முடியாது.

"உங்க முகத்த மாதிரியா செய்யிறீங்க?" என்று கேட்டேன்.

 அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மக பாக்கப் போறா சார். பாத்ததும் அப்பான்னு தெரியணும். ஆனா இப்ப இருக்குத அப்பா மாதிரி இருக்கக் கூடாது."

இதற்கு எந்தக் குமிழை இழுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் முகம் ஏறக்குறைய வந்திருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் போய்விட்டது. முடித்துவிட்டேன் என்று பொத்தானை அமுக்காதவரை அந்த இயந்திரம் எதையும் நினைவில் வைப்பதில்லை. கரண்ட் வந்தபோது பழைய வாள் வீரன் எங்களை ஏறிட்டுப் பார்த்தான்.

"போன வாரம் உள்ளவன் செத்துட்டான். இன்னைக்குப் புதுசா ஒருத்தன்" என்றார் அவர் மனைவி, காபியை வைத்துவிட்டு.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நகல் வைத்துக்கொள்ளாமல் எந்தக் காரியமும் செய்யக் கூடாது. அவர் உடனே ஒரு கோடு போட்ட நீள நோட்டை எடுத்து, இடப்பக்கம் மார்ஜின் விட்டு, எல்லா அளவுகளையும் எழுதத் தொடங்கினார். மூக்குத் தண்டு அறுபத்துமூன்று. இடது புருவம் நாற்பத்தொன்று. இரண்டு வாரம் எழுதினார். மூன்றாம் வாரம் மறுபடி கரண்ட் போனது. இந்த முறை அவர் கவலைப்படவில்லை. நோட்டைத் திறந்து நான் வாசிக்க, அவர் குமிழ்களை இழுத்தார். ஒன்றரை மணி நேரம். கடைசி எண்ணை வாசித்துவிட்டுத் தலைநிமிர்ந்தால், திரையில் எங்கள் இருவருக்கும் முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை மூஞ்சி தாடியோடு இருந்தது. ஆரம்பத்தில் ஆறு மாதிரி முகங்கள் கொடுத்திருந்தார்கள். முன்பு இரண்டாவதிலிருந்து செய்திருக்கிறார், இப்போது ஐந்தாவதிலிருந்து. எந்த மாதிரி என்பதை நோட்டில் எழுதவில்லை. முப்பது வருடமாக எல்லாப் பட்டியலுக்கும் தலைப்பு எழுதியவர், தன் பட்டியலுக்குத் தலைப்பு எழுத மறந்துபோனார்.

ஐப்பசி போனது. கார்த்திகை போனது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போவதும், இன்றைய மூக்கைப் பார்ப்பதும், வருவதுமாக இருந்தேன். என் வீட்டில் நான் எங்கே போகிறேன் என்று கேட்டார்கள். "ஒரு முகத்துக்குச் சான்றொப்பம் போட" என்றேன். பொய்யில்லை.

மார்கழியில் ஒருநாள் அவர் மனைவி என்னை அடுக்களை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு விசயம். இவியகிட்ட சொல்லிராதீக. மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு நினைக்கீக? இந்த விளையாட்டு பண்ணுத கம்பெனிதான். அதுலயும் இந்த மூஞ்சி செய்யுத எடந்தான் அவுக வேலை."

முன்னறையிலிருந்து குரல் வந்தது. "எனக்குத் தெரியும்."

அந்த அம்மாள் திடுக்கிட்டுப்போனார். "தெரியுமா? எப்பவிருந்து?"

"பார்சலு வந்த அன்னைக்கே. பெட்டி மேல கம்பெனி பேரு போட்டிருக்குல்லா. அவ என்ன வேலை, அவன் என்ன வேலைன்னு நீ போன்ல பேசுதது ஊருக்கே கேக்குது."

"அப்ப வேணும்னுதான் இம்புட்டு நாளு..."

"வேணும்னு இல்ல. மூக்கு சரியில்ல. அதுக்கு நான் என்ன செய்ய?"

எனக்கு அலுப்பாக இருந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்த அலுப்பு மட்டும் இல்லை. ஒரு மனிதன் நாற்பது மாப்பிள்ளைகளைக் கழித்தான். நாற்பத்தோராவது மாப்பிள்ளை அவன் வீட்டுக்குள் வரமுடியாமல், தான் செய்த முகங்களை அனுப்பினான். இந்த மனிதன் அவற்றையும் வாசலிலேயே நிறுத்திவைத்து மூக்கைக் குறைசொல்கிறான். தை பிறக்க இருபது நாள்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன்.

"குறை இருந்தா இப்படி வாயால சொல்லிக்கிட்டு இருக்கப்படாது. எழுத்துல குடுங்க. உரிய வழியா அனுப்புவோம்."

அவர் முதல்முறையாக நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

அடுத்த ஞாயிறு பட்டியல் தயாராக இருந்தது. முழுத்தாள், மூன்று கட்டம், முப்பத்துநான்கு குறைகள். "பெறுநர்" என்ற இடத்தில் மாப்பிள்ளை என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. பேரை எழுதவும் மனம் வரவில்லை. "முகப் பிரிவு" என்று எழுதியிருந்தார். நான் கீழே "பரிந்தனுப்பப்படுகிறது" என்று கையெழுத்துப் போட்டேன். ஓய்வுபெற்ற பிறகு நான் போட்ட முதல் பரிந்துரை. அவர் மனைவி அதைப் போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார்.

பதில் வரப் பத்து நாள் ஆனது. மாப்பிள்ளையின் பதில், மகளின் வழியாக, அம்மாவின் போனுக்கு வந்து, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் தாளாகி, பொங்கலுக்குப் பிந்தைய ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வந்து சேர்ந்தது. மூன்றாவது கட்டம் முழுக்க நிரம்பியிருந்தது. ஓசூர்ப் பையனுக்கு யாரோ நடைமுறை சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். யார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. அப்பா கொண்டுவந்த கோப்புகளுக்கு நடுவில் வளர்ந்த பெண்.

அவர் வாசிக்க, நான் கேட்டேன்.

"நாலாம் எண். தாடி இல்லாத மீசை இல்லை. பதில்: உண்மை. எங்களுக்குத் தோன்றவே இல்லை. அடுத்த அப்டேட்டில் சேர்க்கப்படும்." கோடு போட்டு அடித்தார். சுருக்கொப்பம் வைத்தார்.

"பதினொண்ணு. நடு வழுக்கை. பதில்: பரிசீலனையில் உள்ளது." முகத்தைச் சுளித்தார். "பரிசீலனையாம். நம்மகிட்டயே."

"பதினேழு. தீப்பந்தம் இருப்பதால் உண்மை நிறம் தெரியவில்லை. பதில்: தீப்பந்தம் வேறு பிரிவு. அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். கேட்க மாட்டார்கள்." இதற்கு அவர் தலையாட்டினார். வேறு பிரிவு கேட்க மாட்டார்கள் என்பது எங்களுக்குப் புதிய செய்தி அல்ல. அதையும் அடித்தார்.

இருபத்திரண்டாம் எண்ணுக்கு வந்தபோது அவர் தாளை என்னிடம் நீட்டினார். குறை அவர் கையெழுத்தில் இருந்தது: "முதல் மாதிரி முகத்தின் மூக்கு இடப்பக்கம் சாய்ந்துள்ளது. கவனக்குறைவு." எதிர்க் கட்டத்தில் டைப் அடித்திருந்தது:

"கவனக்குறைவு அல்ல. அது என் மூக்கு. வேலை தொடங்கிய நாளில் மாதிரிக்கு வேறு ஆள் இல்லாததால் என் முகத்தையே அளவெடுத்தார்கள். எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது. நிவர்த்தி செய்ய இயலாது. வருந்துகிறேன், மாமா."

நான் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை இன்னொரு தடவை முதலிலிருந்து வாசித்தார். தெருவில் யாரோ ஒருவர் குக்கர் பழுது பார்க்கக் கூவிக்கொண்டு போனார்.

"இந்தா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "அந்தப் படத்தக் கொண்டா."

"எந்தப் படத்த?"

"எத்தன படம் வச்சிருக்க? கல்யாணப் படம்."

அந்த அம்மாள் தேடவில்லை. போனைத் தொட்டவுடன் வந்துவிட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு விரலால் விரித்தார். பதிவு அலுவலகத்தின் பச்சைச் சுவருக்கு முன்னால் மாலையோடு நின்ற பையனின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஆமா" என்றார். "இடப்பக்கந்தான்."

பேனாவை எடுத்து இருபத்திரண்டாம் எண்ணைக் கோடு போட்டு அடித்தார். சுருக்கொப்பம் வைத்தார். தேதியும் போட்டார். மீதி பன்னிரண்டு குறைகளை அவர் வாசிக்கவே இல்லை.

மணி ஐந்தேகால். கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்து, ஆறு முகங்களில் முதல் முகத்தை எடுத்தார். தலைமுடியை மட்டும் நரைக்க வைத்தார். மூக்கைத் தொடவில்லை. ஐந்து மாதமாகத் திரையின் மூலையில் கிடந்த பொத்தானை அமுக்கினார். இயந்திரம் நிச்சயமா என்று கேட்டது. இந்த இடத்தில் அவர் இன்னொருதடவை பார்த்துக்கொள்ளலாம் என்பார் என்று நான் பயந்தேன். மறுபடியும் அமுக்கினார்.

கதவு திறந்தது. ஒரு கல் கோட்டை வாசல். அங்கே நின்ற காவலாளி ஒரு இரும்புத் தொப்பியைக் கொண்டுவந்து எங்கள் ஆளின் தலையில் கவிழ்த்தான். கழுத்துவரை மூடிய தொப்பி. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. மூக்கு, மீசை, வழுக்கை, ஐந்து மாதம், எல்லாம் உள்ளே போயின.

"நல்லா இருக்கு" என்றார் அவர் மனைவி. "இதுக்கா இம்புட்டு நாளு?" சொல்லிவிட்டு போனில் மகளைக் கூப்பிட்டார். பேசிவிட்டு நிமிர்ந்தார். "உங்களுக்குப் பின்னாடிதான் நிக்காளாம்."

அவர் எல்லாப் பொத்தானையும் அமுக்கினார். எங்கள் ஆள் குதித்தான், உட்கார்ந்தான், சுவரைப் பார்த்து வாளை வீசினான். மூக்குத் தண்டுக்கு அறுபத்துமூன்று என்று மனப்பாடமாகத் தெரிந்த மனிதருக்கு ஆளைத் திருப்ப எது என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. சுவரைத் தவிர எதுவும் தெரியாமல் நின்றோம்.

அவர் கையை நீட்டி மனைவியிடமிருந்து போனை வாங்கினார். காதில் வைத்துக்கொண்டார். 

"ஏட்டி" என்றார். "இந்தப் பயலத் திருப்ப என்ன செய்யணும்?"

நான்கு வருடத்துக்குப் பிறகு மகளிடம் பேசிய முதல் பேச்சு அது.  பதில் மூக்கடைத்த குரலில் வந்தது.

"மவுஸ இழுங்கப்பா... மெதுவா. மெதுவாப்பா, பம்பரம் மாதிரி சுத்துதீக. ம், போதும். நிப்பாட்டுங்க."

வாசலுக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், இன்னொரு இரும்புத் தொப்பி நின்றது. பக்கத்தில் கொஞ்சம் உயரமாக மூன்றாவது தொப்பி ஒன்று, தயங்கினாற்போல் இரண்டடி பின்தள்ளி.

"நானே பக்கத்துல வரட்டுமாப்பா?" என்றது போன்.

"வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் அங்கனயே நில்லுங்க. நான் வாரேன்."

பொத்தானில் ஒரு தட்டுக்கு ஒரு அடி. தட்டினார், நின்றார், தட்டினார், சுவரில் முட்டினார், மறுபடி திருப்பினார். பொத்தானை விடாமல் அமுக்கினால் தானாக நடக்கும் என்று மகள் சொல்லவில்லை. பத்தடிக்கு அரைமணி நேரம் ஆனது. என் பஸ் போய்விட்டது. அவர்கள் இருவரும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.